நிறுத்தியவர்தான் போட வேண்டும்

செஞ்சி
16.6.2024

அன்புள்ள தம்பி வளவனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்தேன். வாசல் கதவில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுக்கக்கூட இல்லை. குரங்கு வந்து கிழித்துவிட்டுப் போய்விட்டது. நேற்று மாலை ஆன்லைன் தமிழ் வகுப்பின் நடுவில் மைக் நின்றுபோனது. காலையில் தானாகச் சரியாகியிருக்கும் என்று நம்பினேன்போல. சரியாகவில்லை.

பார், உடம்பைக் கேட்கவே மறந்துவிட்டேன். ‘எதிராளி நலம் கேட்ட பிறகுதான் உன் கதை’ என்று நைனா எத்தனை முறை நம் கடிதங்களைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுத வைத்திருப்பார்! உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மகாலட்சுமியும் குட்டி பாரதியும் நலமா? மஸ்கட் வெயிலில் வெளியே அலைகிறாயா, ஏ.சி.க்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழுதுதான் பார்க்கிறாயா? இங்கே உன் மாமாவும் நானும் நலம். உன் மருமகள் நிலா சென்னை ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் இங்கே மாமா வந்து பக்கத்தில் உட்காருகிறார், அங்கே மகாலட்சுமி ‘அண்ணன் இருக்காரா’ என்று வாங்கிக்கொள்கிறாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் எதைப் பேசினாலும் நான்கு பேர் பேசியதாகிவிடுகிறது. அதனால் போனில் தட்டி மெயிலாக அனுப்புகிறேன்.

பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற இடத்தில் மைக் படத்தின்மேல் சின்ன வட்டத்துக்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கிறது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “பொட்டி பூட்ச்சி. வுடு, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு” என்கிறார். எப்படி விடுவது? நைனா படிக்கவைத்த எம்.ஏ., நீ கொடுத்துவிட்டுப் போன இந்தப் பழைய லேப்டாப் வழியாகத்தான் போன வருஷம் முதல்முறையாக வீட்டைவிட்டு வெளியே போனது. புதுச்சேரி கம்பெனிக்காரர்கள் நாளைக்கும் வகுப்பு போட்டிருக்கிறார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா ஜெயசுதா


மஸ்கட்
17.6.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். முதுகு பரவாயில்லை. உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

படம் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. மைக் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடு. அம்புக்குறி போய்விடும். விண்டோஸ் அப்டேட் வரும்போது சில சமயம் இப்படித் தானாக நின்றுபோகும். வேறு எதையும் நோண்டாதே.

கண்ணைப் பார்த்துக்கொள் அக்கா. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
வளவன்


செஞ்சி
4.8.2024

அன்புள்ள தம்பி வளவனுக்கு,

நலம்தானே? பாரதிக்குக் காய்ச்சல் என்று மகாலட்சுமி மாமாவிடம் சொன்னாளாம். இப்போது தேவலையா? கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்.

நீ சொன்னபடி ஒரு தட்டுத்தான் தட்டினேன், மைக் உயிரோடு எழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் பலமுறை நின்றது. ஒருநாள் மைக், ஒருநாள் கேமரா, ஒருநாள் இரண்டும். உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே சரிசெய்துகொண்டேன். இப்போதெல்லாம் பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே பட்டியலைத் திறந்து, அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன், அரிசியில் கல் பார்ப்பதுபோல. மாமா பின்னால் நின்று பார்த்தார்.

“இன்னாடி, டாக்டர் ஆயிட்டியா?”

“ஆமா. உங்களுக்கும் எங்கயாவது நின்னுபோனா சொல்லுங்க, ரைட் கிளிக் பண்றேன்.”

அவர் சிரிக்கவில்லை. “இது எங்க கத்துக்கின?” என்று மட்டும் கேட்டார். உன் பெயரைப் பெருமையாகச் சொன்னேன்.

நார்வேயில் ஒரு சிறுமி இருக்கிறாள். ‘மழை’ என்று சொல்லச் சொன்னேன். “டீச்சர், நீங்க அந்த எழுத்தைச் சொல்லும்போது உங்க நாக்கு எங்க போகுது? கேமரா கிட்ட வாங்க” என்றாள். வாயைத் திறந்து கேமராவில் காட்டினேன். அவள் அப்பா, அம்மா, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை வருஷமாயிற்று இப்படிச் சிரித்து!

முக்கியமான சேதி. கம்பெனியில் ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு ஒருங்கிணைப்பாளர் எடுக்கிறார்கள். என் பெயரை நாகம்மாள் மேடம்தான் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் நடுவில் மாதிரி வகுப்பு. லேப்டாப்பில்தான் நடத்த வேண்டும், கேமராவும் மைக்கும் கடைசிவரை ஓட வேண்டும், போனில் நடத்தினால் செல்லாது. இது அடிக்கடி தானாக நிற்காமல் இருக்க நிரந்தரமாக ஏதாவது வழி சொல். இந்த ஒரு விஷயத்தில் நான் கோட்டைவிடக் கூடாது வளவா.

அன்புடன்
அக்கா ஜெயசுதா


மஸ்கட்
1.9.2024

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். பாரதி பள்ளிக்கூடம் போகிறான். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை, ஸ்டீயரிங்கைத் தொட முடிவதில்லை. போன வாரம் மாமா பேசினார். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வருத்தப்பட்டார்.

டிரைவரை ஒருமுறை அப்டேட் செய்து பார். அதற்குமேல் நிரந்தர வழி என்று ஒன்றும் இல்லை. பழைய மெஷின்.

அக்கா, அந்த ஒருங்கிணைப்பாளர் வேலை கட்டாயம் வேண்டுமா? இருக்கிற வகுப்புகளே போதாதா? யோசித்துச் செய்.

வளவன்


செஞ்சி
15.9.2024

வளவா,

நலம் கேட்க இப்போது மனசில்லை. நைனா மன்னிக்கட்டும்.

இன்று மாதிரி வகுப்பு. காலையில் பட்டியலைத் திறந்தேன். அம்புக்குறி இல்லை. கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. நின்றுபோகவில்லை, பட்டியலிலேயே இல்லை. அவை இருந்த இடமே இல்லை. புதிய சாதனங்களைத் தேடச் சொன்னேன், மறைந்திருப்பதைக் காட்டச் சொன்னேன், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், அணைத்து அணைத்துப் போட்டேன். இந்த லேப்டாப்புக்குக் கண்ணும் காதும் எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோல உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. போனில் நடத்துகிறேன் என்று கெஞ்சினேன். விதி விதிதான் என்றுவிட்டார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு கறுப்புத் திரைமுன் உட்கார்ந்திருந்தேன். மாமா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு டீ போட்டது இதுதான் முதல் தடவை.

என்ன ஆகியிருக்கும்? சொல்.

ஜெயசுதா


மஸ்கட்
16.9.2024

அக்கா,

மீட்டிங்கில் இருந்தேன், அதனால்தான் எடுக்க முடியவில்லை.

பட்டியலிலேயே இல்லை என்றால் ஹார்டுவேர் போய்விட்டது என்று அர்த்தம். போர்டு பழுதாகியிருக்கும். செலவு செய்வது வீண். பொங்கலுக்கு வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன். அதுவரை ஓய்வாக இரு. எல்லாம் நன்மைக்கே.

வளவன்


செஞ்சி
13.10.2024

அன்புள்ள வளவனுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருங்கிணைப்பாளர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. என் பிள்ளைகளையும் வேறு ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நார்வே சிறுமி மட்டும், “டீச்சர் வாய் எப்ப தெரியும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். நாகம்மாள் மேடம் நல்ல மாதிரி. ‘வீட்டில் மெஷின் சரியில்லை என்றால் புதுச்சேரி ஆபீசுக்கே வந்து நடத்துங்கள், தங்குவதற்கு இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்’ என்று எழுதினார். வீட்டை விட்டு வர முடியாது என்று உடனே பதில் போட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

லேப்டாப்பைச் சென்னைக்கு எடுத்துப்போய், நிலாவின் ஹாஸ்டல் பக்கம் யாரிடமாவது காட்டிவிட்டு, அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று வியாழக்கிழமை பையெடுத்தேன். மாமா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“எங்க கெளம்பிட்ட?”

“சென்னைக்கு. இத ரிப்பேருக்குக் குடுத்துட்டு, நிலாவையும் பாத்துட்டு வரேன்.”

“தனியாவா?”

“பஸ்ல எல்லாரோடவும்தான்.”

“ஒன்னும் வாணாம். அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ் போவணும்? ஆன் பண்ணசொல்ல எஃப் டூவ அமுக்குனா எல்லாம் வந்துரும்.”

சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

வளவா, போனில் அலாரம் வைக்கவே நிலாவைக் கூப்பிடுகிற மனிதர். நான் பையைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பை ஆன் செய்து எஃப் 2-ஐ அமுக்கினேன். நீ ஒருநாளும் எனக்குச் சொல்லாத ஒரு பக்கம் திறந்தது. விண்டோஸ் வருவதற்கும் முந்தைய பக்கம். அதில் கேமரா: நிறுத்தப்பட்டது. மைக்: நிறுத்தப்பட்டது. இரண்டையும் போட்டேன். கேமரா பக்கத்துச் சின்ன விளக்கு எரிந்தது. நீ செத்துப்போனதாகச் சொன்ன போர்டு.

“இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்றேன்.

“ஒந்தம்பிய கேளு” என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்கிறேன். நீயா?

ஜெயசுதா


மஸ்கட்
24.11.2024

அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை ஆரம்பித்து அழித்தேன்.

நான்தான்.

மே மாதம் மாமா போன் செய்தார். “காதுல மாட்டிக்கினு எவன் எவன்கிட்டயோ சிரிக்கிறா. சோறு கேட்டா கையக் காட்றா. அத்த நிறுத்திவெக்க ஒரு வழி சொல்லுடா. இல்ல, தூக்கிப்போட்டு ஒடைச்சிடுவேன்” என்றார். உடைத்துவிடுவார் என்று பயந்தேன். உடைப்பதைவிட நிறுத்துவது மேல் என்று நினைத்து, அந்த அம்புக்குறி வழியைச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கும் சரிசெய்யும் வழியைச் சொன்னேன். இருவரும் மாறி மாறி அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள், கொஞ்ச நாளில் அவருக்கே சலித்துவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டார். “அவளே சரி பண்ணிக்கிறா. அவளுக்குத் தெரியாத எடத்துல நிறுத்தணும்.” முடியாது என்றேன். “அப்ப என் தங்கச்சிய டிக்கெட் போட்டு அனுப்பு. இங்க ஒருத்தி வூட்டப் பாக்க மாட்டா, அங்க ஒருத்தி மட்டும் இன்னாத்துக்குக் குடும்பம் நடத்தணும்?” என்றார். மகாலட்சுமி பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. அவள் எழுந்துபோய்ப் பாரதியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எஃப் 2 வழியைச் சொல்லிவிட்டேன்.

மாதிரி வகுப்பு என்றைக்கு என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அதை நீயே வீட்டில் சொல்லியிருப்பாய்.

என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் அக்கா? இனி அவர் எது கேட்டாலும் சொல்ல மாட்டேன். பாரதிமேல் ஆணை.

வளவன்


செஞ்சி
8.12.2024

அன்புள்ள தம்பி வளவனுக்கு,

நலம். உங்கள் மூவரின் நலமும் வேண்டும்.

புயல் செய்தி பார்த்திருப்பாய். இங்கே கொட்டிய மழையை என் வயதுக்கு நான் பார்த்ததில்லை. தொண்டூர் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. மாமா வீட்டுக்கு வருவதே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று லைன் இழுத்திருக்கிறார். அந்தப் பக்கத்துச் சனங்கள் அவருக்கு மாலை போட்டார்களாம். உண்மையிலேயே உழைத்தார், அதை மறைக்க மாட்டேன்.

ஒருநாள் காலை சாப்பிட வந்தவர் போனில் யாரையோ வெளுத்து வாங்கினார். “எல்.சி. வாங்குனது நானு. நான் திருப்பிக் குடுக்காம எவன்டா சுவிட்சுல கைய வெச்சது? மேல ஆளு இருந்தா இன்னாடா ஆவறது?” எல்.சி. என்பது லைனை நிறுத்திவைக்க வாங்கும் அனுமதி. மின்வாரிய வேலையில் அப்படி ஒரு விதி. லைனை நிறுத்தச் சொல்லி வாங்கியவர்தான் திரும்பப் போடச் சொல்ல வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் இப்போதுதான் அது என் காதில் சரியாக விழுந்தது.

நடந்ததை நான் பெரிதாக்கவில்லை. உன் ஆணையை நம்புகிறேன். இனி யாரும் உள்ளே போய் நிறுத்தாதபடி அந்த எஃப் 2 பக்கத்துக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டேன். நைனாவின் பெயரையே, கலியபெருமாள் என்று, ஆங்கிலச் சின்ன எழுத்தில். நான் மறந்துபோனால் நினைவூட்ட ஒருவர் வேண்டும் என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மகாலட்சுமியிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்.

அக்கா ஜெயசுதா


மஸ்கட்
12.12.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் படித்த பிறகுதான் மூச்சே வந்தது. மகாலட்சுமி அழுதுவிட்டாள். நைனாவின் பெயரை வைத்தாய் பார், அதுதான் நீ.

பொங்கலுக்கு வருகிறோம். புது லேப்டாப் நிச்சயம். மாமாவும் போனில் நன்றாகப் பேசினார், மனசு மாறியிருப்பதாகத் தெரிகிறது. கொஞ்சம் அனுசரித்துப் போ. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
வளவன்


5.1.2025

வளவனுக்கு,

நலம் கேட்டு எழுதுகிறேன். மகாலட்சுமிக்கும் பாரதிக்கும் என் அன்பு.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பை மூடினேன். சார்ஜரைச் சுற்றிக் கட்டி, நிலாவின் பழைய பள்ளிக்கூடப் பையில் வைத்தேன். எம்.ஏ. சர்டிபிகேட்டும் அதே பையில்தான் இருக்கிறது. அப்புறம்தான் பால் எடுக்கப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு எடுக்க உள்ளே வந்தால், மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு லேப்டாப்முன் உட்கார்ந்திருக்கிறார். எஃப் 2 பக்கத்தின் கடவுச்சொல் கட்டம் திறந்திருந்தது. ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து தேடி அமுக்கினார். கே. ஏ. எல். ஐ. வாயும் கூடவே அசைந்தது. முழுப்பெயரும் அடித்து முடித்தார். திறக்கவில்லை. மறுபடி அடித்தார். திறக்கவில்லை. மூன்றாவது முறை மெஷினே பூட்டிக்கொண்டு கூவியது. திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

“இன்னா பண்றீங்க?”

“ஒன்னுமில்ல. டைம் பாத்தேன்.”

“டைம் செவுத்துல இருக்குது.”

அவர் சுவரைப் பார்த்தார். நிஜமாகவே மணி பார்த்தார், பாவம்.

வளவா, நைனாவின் பெயரை நான் கடவுச்சொல்லாக வைக்கவே இல்லை. உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் மட்டும்தான் வைத்தேன். வேறு எங்கும் அது இல்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவர் எழுத்து எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. நைனா பெயரில் எந்த எழுத்தை உன் வாய் முதலில் அவருக்குச் சொல்லியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எந்த நெருக்கடியில் சொன்னாய் என்று எழுத வேண்டாம். தெரியும். உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டிருந்தாய். தெரியாது. என் இடத்தில் நான் இருந்து பார்த்ததே இல்லை. மகாலட்சுமிமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாளைக்கு அவளை அவள் அண்ணன் கூப்பிட்டால் அது அவர் செய்வது. நீ அனுப்பினால் அது நீ செய்வது. இரண்டையும் என் தலையில் ஏற்றாதீர்கள்.

நிறுத்தியவர்தான் திரும்பப் போட வேண்டும் என்று ஒரு விதி எழுதினேனே, நானும் அப்படித்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. படிப்பை, வேலையை, சிரிப்பை, எதை யார் நிறுத்தினாலும் அவர்களே வந்து போடட்டும் என்று. மேலே ஆள் இருப்பதால் வந்த விதி அது. நான் நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டேன். கம்பத்தின்மேல் யாரும் இல்லை.

பொங்கலுக்குப் புது லேப்டாப் வேண்டாம். இதில் கேமரா, மைக் எல்லாம் நன்றாக ஓடுகிறது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. நிலாவிடமும் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்பது உனக்கே புரியும். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுவதானால் தாராளமாகக் காட்டு. நைனா கற்றுக்கொடுத்தபடி தேதி போட்டிருக்கிறேன். தேதிக்கு மேலே வழக்கமாக எழுதும் ஊர்ப்பெயரை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஜெயசுதா